ஒன்பது கிலோ சந்தேகம்

"என் கண்ணுல படாத ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போட்டதா சரித்திரம் கிடையாது. இனிமேலும் கிடையாது. என் சாவுச் சான்றிதழக் கூட நானே ஒருதரம் சரிபாத்துட்டுத்தான் போவேன்."

விமானம் செய்யும் கொட்டகையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்த முதல் நாள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்து, உட்காராமல் நின்றபடியே அவர் ஆற்றிய உரை இது. கேட்டவர்கள் ஐந்து பேர். யாரும் கைதட்டவில்லை. டீ வந்தது. அதை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் 'சல்லடை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் பிறந்த தேதியில் தொடங்குவது வழக்கம். இவர் விஷயத்தில் அது முடியாது. பிறந்த தேதியை அவரே முழுதாக நம்பவில்லை. "அன்னிக்கு நான் இருந்தேன், ஒத்துக்கறேன். ஆனா கவனிக்கல" என்பார்.

கொட்டகைக்கு வரும் முன் பதினேழு வருஷம் லிப்ட் பரிசோதகர். ஊரில் பாதி லிப்ட் அவர் கையெழுத்தை நம்பித்தான் ஏறி இறங்கியது. அவர் மட்டும் சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிப் போவார். கேட்டால், "லிப்ட் நல்லாத்தான் இருக்கு. கரண்ட் விடறவன் யாருன்னு எனக்குத் தெரியாதே" என்று பதில் வரும்.

வீட்டிலும் இதே நிர்வாகம்தான். மனைவி பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுப்பார். சல்லடை எழுந்து போய்க் குமிழைத் திருகிப் பார்ப்பார். அவர் திருகியதில் திறந்துகொண்டதா என்று மனைவி மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் தீ விபத்து இல்லை, தூக்கமும் இல்லை.

இப்படிப்பட்டவரை விமானத் தொழிலுக்கு இழுத்து வந்தது அவருடைய தங்கை. தங்கையின் கணவர்தான் விமானத்தை வடிவமைத்தவர். ஊருக்கு வெளியே, டைல்ஸ் குடோனுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒன்பது வருஷமாக வரைந்து, அழித்து, வளைத்து, நிமிர்த்தி உருவான இரட்டை இருக்கை விமானம். பெயர் தும்பி. வாங்குகிறவருக்கு முழு விமானமாகத் தர மாட்டார்கள். நான்கு மரப்பெட்டிகளில் உதிரிகளாகப் போகும். கூடவே தடிமனான ஒரு வழிகாட்டிப் புத்தகம். வாங்கியவர் தன் கார் கொட்டகையில் வைத்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே கோத்துக்கொள்ள வேண்டும்.

"கட்டில் வாங்கினாலே பெட்டில ஒரு திருகாணி குறையுது. கட்டில்ல இருந்து விழுந்தா ஒன்றரை அடி. இதுல இருந்து விழுந்தா?" என்று தங்கை கேட்டாராம். "எங்கண்ணனை வச்சுக்கோங்க. அவரு உங்களையே நம்ப மாட்டாரு." வடிவமைப்பாளர் இதைச் சிபாரிசு என்று எடுத்துக்கொண்டார்.

சல்லடை வந்த வாரமே இரண்டு ஏற்பாடுகள் செய்தார். ஒன்று, எடைப் பதிவேடு. வாசல் வழியாக உள்ளே வரும் ஒவ்வொரு பாகமும், ஆணி உட்பட, தராசில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். இரண்டு, சந்தேகச் சீட்டு. மஞ்சள் காகிதம். எந்த இடத்தில் சந்தேகமோ அங்கே ஒட்டுவார். அதற்கு ஒரு வழி செய்து முடிக்கும் வரை வேலை நகரக்கூடாது. ஒட்டியவர் மட்டுமே, காரணம் எழுதிக் கையெழுத்திட்டு, சீட்டை ரத்து செய்யலாம். ஒட்டும் அதிகாரம் எல்லோருக்கும் இருந்தது. ஒட்டியவர் ஒருவர்தான்.

இடையில் அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டரிடம் பஞ்சு எத்தனை உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று எழுதித் தரச் சொன்னார். கண் விழித்ததும் கல்லைக் கேட்டார். டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குலுக்கிப் பார்த்து, "இது என்னோடதுதானா?" என்றார்.

அந்த ஆறு நாளுக்குள்தான் இறக்கையின் பளுச் சோதனை நடந்துபோயிற்று. சோதனைக்கென்றே செய்த ஓர் இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, மேலே இருபது கிலோ மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். தொண்ணூறு மூட்டையைத் தாங்கினால் தேறியது. அதற்குமேலும் அடுக்கி, எங்கே முறிகிறது என்று பார்ப்பார்கள். மணல், பக்கத்தில் கட்டடம் கட்டுகிற ஒருவர் இரவலாகத் தந்தது. சனிக்கிழமைக்குள் திருப்பிக் கேட்டிருந்தார். சல்லடைக்காகக் காத்திருக்க வழியில்லை. ரிவெட் அக்கா நடத்தினார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்தாறு வருஷம், தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடித்துவிட்டு இங்கே வந்தவர். கொட்டகையில் வயதில் மூத்தவர். இறக்கை தொண்ணூற்றேழாவது மூட்டையில் முறிந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் மகிழவில்லை.

"முறிஞ்ச இறக்கை பின்னாடிதான் கிடக்கு மச்சான். போய்ப் பாருங்க" என்றார் வடிவமைப்பாளர்.

"பாத்தேன் மாப்பிள்ள. முறிஞ்சது தெரியுது. எத்தனாவது மூட்டைல முறிஞ்சதுன்னு இறக்கை சொல்லாதே."

"அக்கா நோட்டுல எழுதியிருக்காங்க."

"நோட்டும் பாத்தேன். அட்டை நல்லாருக்கு."

நோட்டை உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மஞ்சள் சீட்டுகள் முளைக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: "பளுச் சோதனையை நான் பார்க்கவில்லை. பலப்படுத்தவும்."

மூன்று மாதம் கழித்து, தும்பி முழுதாகக் கோக்கப்பட்டு முதல் முறையாகத் தராசில் ஏறியது. இந்த வகைச் சிறு விமானத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விமானம், எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்ந்து அறுநூறு கிலோவைத் தாண்டக்கூடாது. இரண்டு பேரும் முழு டாங்கும் போக வேண்டுமானால் வெறும் விமானம் முந்நூற்று நாற்பத்திரண்டுக்குள் நிற்க வேண்டும். சல்லடையின் பதிவேட்டைக் கூட்டினால் முந்நூற்று முப்பத்தொன்பதரை வந்தது. தராசு முந்நூற்று ஐம்பத்தொன்று புள்ளி ஒன்று காட்டியது.

அடுத்த வியாழக்கிழமை அங்கீகார அதிகாரி எடை பார்க்க வருகிறார். தவறினால் மறுபடி அவர் முறை வர ஒன்றரை வருஷம். அதுவரை கொட்டகை தாங்காது என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

"ஒத்தை ஆள் விமானம்னு பதிஞ்சுக்கங்கன்னு சொல்லுவாங்க" என்றார் வடிவமைப்பாளர், தராசைப் பார்த்தபடி. "பதினேழு பேர் பெட்டிக்குக் காத்திருக்காங்க. அத்தனை பேரும் கேட்டது ரெண்டு சீட்டு."

சல்லடையின் முகம் மட்டும் தெளிந்திருந்தது. பதினோரு கிலோ அறுநூறு கிராம். வாசல் வழியாக வராத எடை. எவரோ கடத்தியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த குற்றம் கடைசியில் ஒருவழியாக நடந்துவிட்டது.

முதல் சந்தேகம் தராசின் மேல். தானே ஏறி நின்றார். எழுபத்துநான்கு காட்டியது. "பாத்தீங்களா, பொய் சொல்லுது. நான் எழுபத்தொண்ணு" என்றார். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து எடைக்கற்கள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். தராசு யோக்கியமானது என்று நிரூபணமாயிற்று. சல்லடை இடுப்புப் பட்டையை ஓர் ஓட்டை தளர்த்திக்கொண்டு அடுத்த சந்தேகத்துக்குப் போனார்.

இருக்கை தைப்பவரின் பஞ்சுக்குள் பின்னல் ஊசியை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை, இருக்கையில் பதினான்கு ஓட்டை விழுந்தது. வருகிறவர்களின் சாப்பாட்டு டப்பாக்களைக் காலையிலும் மாலையிலும் எடை போட்டார். எல்லா டப்பாவும் மாலையில் எடை குறைந்தே வெளியே போனது. குறைந்த எடை எங்கே போயிற்று என்று அரை நாள் யோசித்தார். தங்கை வந்து விளக்கம் சொன்ன பிறகுதான் டைரியில் அந்தப் பக்கத்தை அடித்தார்.

பெயிண்டரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ரெண்டு கோட்டுதானே கணக்கு. மூணாவது அடிச்சியா?"

"அடிச்சேன் சார்."

"யாரு சொன்னா?"

"வாயால யாரும் சொல்லல. நீங்க வந்து விரலால தேச்சுப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போனீங்க. நீங்க மூஞ்சியச் சுளிச்சா ஒரு கோட்டு. இங்க அதான் நடைமுறை."

"அது எனக்கு வெயிலு கண்ணுல பட்டிருக்கும்."

"அதுக்கும் ஒரு கோட்டு அடிச்சாச்சு சார்."

இரண்டு கிலோ இருநூறு கிராம் தீர்ந்தது. 'பெயிண்டர் ஒப்புக்கொண்டார்' என்று டைரியில் எழுதினார். ஏன் அடித்தார் என்ற பகுதியை எழுத இடம் போதவில்லை. பாக்கி ஒன்பது கிலோ நானூறு. அதற்கு ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். கொட்டகையில் இதுவரை எதைப் பற்றியும் குறை சொல்லாத ஆள். குறை சொல்லாதவர்களைச் சல்லடை எப்போதும் தனிப் பக்கத்தில் எழுதி வைப்பார்.

"தம்பி, உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்டா விசாரணை மாதிரி இருக்கு" என்றார் ரிவெட் அக்கா.

"விசாரணைதான் அக்கா."

"அப்ப நீங்க நில்லுங்க. எனக்கு முட்டி வலிக்குது, நான் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்து, கேட்கும் முன்பே ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த மஞ்சள் காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "நாப்பத்திமூணு இருக்கு. கையெழுத்து யாருதுன்னு பாருங்க. அடையாளம் தெரியும்."

சல்லடை எண்ணினார். நாற்பத்துமூன்று. கையெழுத்தை உற்றுப் பார்த்தார். யாரும் போலியாகப் போட முடியாதபடி அவரே பல வருஷம் பயின்று உருவாக்கிய கையெழுத்து.

"ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தகடு" என்றார் அக்கா. "இறக்கைல, உடம்புல, வால்ல. நீங்க பலப்படுத்தச் சொன்ன இடத்துல எல்லாம். இதெல்லாம் எதுக்குன்னு உங்க மாப்பிள்ளையக் கேட்டேன். 'மச்சானோட பேசறதுக்குத் தகடு போடறது சுலபம், போட்டுடுங்க அக்கா'ன்னாரு. போட்டேன்."

"அப்ப ஏன் இது என் பதிவேட்டுல வரல?"

"வாசல் வழியா வந்தாத்தானே உங்க பதிவேடு. இது இங்கயே கிடந்த மிச்சத் தகட்ட வெட்டிப் போட்டது." அவர் ஒரு தட்டை இழுத்தார். பெட்டிகளில் அனுப்புவதற்கு மாதிரி வேண்டும் என்று ஒவ்வொரு தகட்டுக்கும் அதே அளவில் இன்னொன்று வெட்டி, அதற்கான ரிவெட்டுகளோடு சேர்த்து வைத்திருந்தார். "தராசுல வைங்க."

வைத்தார். ஒன்பது கிலோ நானூறு. ஒரு கிராம் முன்பின் இல்லை.

ஆக, கடத்தல்காரர் பிடிபட்டார். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை எழுபத்துநான்கு, எதையும் கண்ணால் பார்த்த பிறகே நம்புகிறவர். சந்தேகத்துக்கு எடை கிடையாது என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஒரு சந்தேகம் சராசரியாக இருநூற்றுப் பதினெட்டு கிராம் வரும்.

திங்களும் செவ்வாயும் தகடுகளைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்து ஓட்டைகளால் பழுதில்லை என்று வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். நான்கு சின்னத் தகடுகளை மட்டும் எடுக்க வேண்டாம் என்று விட்டார். தராசு முந்நூற்று நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது காட்டியது. வரம்புக்கு நூறு கிராம் உள்ளே. ஒரே ஒரு தகடு திரும்பிப் போனாலும் கதை முடிந்தது.

தகடுகள் இறங்கின. சீட்டுகள் இறங்கவில்லை. முப்பத்தொன்பது சந்தேகங்கள் சட்டப்படி உயிரோடு இருந்தன. அவற்றை ரத்து செய்ய, 'பளுச் சோதனையை ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு காகிதத்தில் சல்லடை கையெழுத்துப் போட வேண்டும்.

"போடுங்க மச்சான்" என்றார் வடிவமைப்பாளர்.

"நான் பாக்கலியே மாப்பிள்ள."

"மறுபடி சோதனை வைக்கணும்னா இன்னொரு இறக்கை செஞ்சு உடைக்கணும். நாளை மறுநாள் அதிகாரி வர்றாரு."

"அதுக்காக நான் பாத்தேன்னு எழுத முடியுமா?"

வடிவமைப்பாளர் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக மச்சானோடு முழுதாகச் சண்டை போட வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். காரணம், மச்சான் சொன்னது சரி.

புதன்கிழமை மத்தியானம் சல்லடை ரிவெட் அக்காவின் நோட்டைக் கேட்டு வாங்கினார். இந்த முறை அட்டையைத் தாண்டினார். அக்கா ஒரு பக்கம் இறக்கையின் ஓரத்தை அரம் போட்டுக்கொண்டிருக்க, இவர் ஒரு பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"மூட்டை இருபது கிலோன்னு எடை போட்டது யாரு?"

"நான்."

"மணல் ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?"

"காலைல லேசா ஈரம். அதான் மத்தியானம் மறுபடி எடை போட்டு, குறைஞ்சதுக்கு மணல் சேத்தேன். நாலாம் பக்கம்."

"தூக்கி வச்சது?"

"பெயிண்டரும் சீட்டு தைக்கிறவரும்."

"எண்ணினது?"

"நான்."

"எல்லாம் நீங்களேவா?"

"நீங்க அங்க கல்லக் குலுக்கிப் பாத்துட்டிருந்தீங்க தம்பி."

பக்கத்தைத் திருப்பினார். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. சல்லடை நிமிர்ந்து உட்கார்ந்தார். அடித்தல் திருத்தல் என்றால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

முதலில் எழுதி அடித்தது: '81ஆம் மூட்டை. சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை.' அதற்குக் கீழே: '81ஆம் மூட்டை. அடுக்குவதை நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று ரிவெட் தெறித்திருக்கிறது. மூன்றும் நான் அடித்தவை. சாய்த்து அடித்திருக்கிறேன். என் தப்பு. பறக்கப்போகும் இறக்கையிலும் இதே மூன்றையும் நான்தான் அடித்தேன். எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.' ஓரத்தில் வேறு தேதியில், வேறு மையில்: 'அடித்தேன்.'

அந்தச் சோதனையில் இறக்கை தேறிவிட்டது. யாரும் அந்த மூன்று ரிவெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வந்த பிறகும் அட்டைக்கு உள்ளே பார்க்கவில்லை. சல்லடை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் இறக்கையின் ஓட்டைக்குள் விட்டு, வெகு நேரம் குனிந்திருந்தார். மூன்றும் நேராக இருந்தன. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன தம்பி, ஏதாச்சும் மாட்டுச்சா?"

"படிச்சுட்டேன்" என்றார். கையெழுத்துப் பேச்சை எடுக்காமலே வீட்டுக்குக் கிளம்பினார். வடிவமைப்பாளர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று தங்கை பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். தராசைத் தானே கொண்டுவந்திருந்தார். விமானத்தின் கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, யாராவது எதையாவது எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று கொட்டகையின் மூலைகளைப் பார்த்தார். அவரையும் சல்லடையையும் எதிரெதிரே நிறுத்தினால் நடுவில் கண்ணாடி இருக்கிறதோ என்று தோன்றும். மூன்று முறை எடை போட்டார். மூன்று முறையும் முந்நூற்று நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தார்.

"பளுச் சோதனை. தரப் பரிசோதகர் யாரு, நீங்களா? அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?"

"இல்ல சார். ஆஸ்பத்திரில இருந்தேன்."

வடிவமைப்பாளர் தரையைப் பார்த்தார்.

"அப்ப எதை வச்சு இதை ஏத்துக்கறீங்க?"

"அவங்க இருந்தாங்க." சல்லடை ரிவெட் அக்காவைக் காட்டினார்.

"அவங்க எழுதினது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்" என்றார் சல்லடை. நோட்டை வாங்கி, பதினோராம் பக்கத்தைப் பிரித்து, அதிகாரியின் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இதைப் படிச்சுப் பாருங்க."

அதிகாரி படித்தார். அடித்த வரியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி காகிதத்தை அக்காவின் பக்கம் நகர்த்தினார். 'நேரில் கண்டவர்' என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். காகிதம் சல்லடையிடம் வந்தது. 'ஏற்றுக்கொண்டவர்' என்ற கோட்டின் மேல் பேனாவை வைத்தவர், பக்கத்தில் காலியாக இருந்த 'சோதனை நாள்' கட்டத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அக்கா, சோதனை நடந்த அன்னிக்கு என்ன தேதி?"

"பத்தொம்பது."

நோட்டைப் புரட்டாமலே பத்தொன்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.